ஏட்டுச் சட்டமும் எமது மௌனமும்

ஒரு சட்டம் தோல்வியுறுவதற்கு இரு வழிகள் உண்டு. அதனை எல்லோரும் காண மீறுவது ஒன்று. அப்படியொரு சட்டம் இருப்பதையே மறந்துவிடுவது மற்றொன்று. முதலாவதில் மீறுபவன் தன் முகத்தைக் காட்டுகிறான்; அவனை எதிர்த்து நிற்கவும் வழக்காடவும் இயலும். இரண்டாவதோ சந்தடியின்றி நிகழ்வது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நம் நாட்டில் இந்த இரண்டாவது கதியையே அடைந்திருக்கிறது. சாதி காரணமாக ஒருவர்மீது சமூகக் குறைபாட்டைச் சுமத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்பது அதன் சாரம். அது நீக்கப்படவில்லை, இன்றும் சட்டப் புத்தகத்தில் உண்டு. ஆயினும் நமது விரிவுரை மண்டபங்களுள் ஒன்றில் எழுந்து நின்று, அதன் பெயரை அறிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் உயரக்கூடிய கைகள் சிலவாகவே இருக்கும்.

இந்த அறியாமை தற்செயலானதன்று. சாதி என்ற சொல்லைக் கேட்டதும், "அதெல்லாம் எங்கள் பாட்டன் காலத்துக் கதை" என்று முகஞ்சுளிக்கும் பண்பாடு ஒன்று கற்றோரிடையே வளர்ந்துள்ளது. சாதியைக் கடைப்பிடிப்பது அநாகரிகம் என்பதிலும் பார்க்க, அதைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்றாகிவிட்டது. இந்த மௌனம் யாருக்கு வசதியானது, யாரை வருத்துவது என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தின் முன்கதை

யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பை வெறும் மனப்பான்மை என்று கொள்வது வரலாற்றுக்கு முரணானது. அது நிலவுடைமையோடும் உழைப்போடும் பிணைந்த ஓர் ஏற்பாடு. சட்டத்தாலேயே ஒரு காலத்தில் காக்கப்பட்ட ஏற்பாடு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அதில் அடிமைகளாகக் குறிக்கப்பட்டனர். ஆங்கிலேயர் 1806இல் அவ்வழமைக்குச் சட்டவலு அளித்தனர். 1844இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால், விடுவிக்கப்பட்டவனுக்கு ஒரு பரப்புக் காணியும் கொடுபடவில்லை. நேற்று எவனுடைய அடிமையாக இருந்தானோ அவனுடைய வளவிலேயே இன்றும் குடியிருந்து, அவனுடைய வயலிலும் தோட்டத்திலும் பனையிலும் உழைத்து, அவனுடைய வீட்டு நன்மை தீமைகளில் குடிமை செய்ய வேண்டியவனாகவே அவன் எஞ்சினான். விலங்கு கழன்றது, வேலி கழலவில்லை.

அந்த வேலியின் கட்டுப்பாடுகளை நம் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். பெண்கள் மேலாடை அணியலாகாது; ஆண்கள் தோளிற் சால்வை இடலாகாது; சாவீட்டிற் பறை முழங்கலாகாது; பிணத்தைச் சுடலாகாது; பொதுக்கிணற்றில் நீர் அள்ளலாகாது. தேநீர்க் கடையில் மற்றவனுக்குக் குவளை, இவனுக்குப் போத்தல் அல்லது சிரட்டை. 1930ஆம் ஆண்டளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லா மாணவருக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, நிலத்திலிருந்த பிள்ளை வாங்கிலில் அமர்வதைச் சகியாதவர்கள் பாடசாலைகளுக்கே தீயிட்டனர். கல்வியே தமிழனின் செல்வம் என்று மேடைதோறும் முழங்கும் சமூகத்தின் வரலாற்றில் அந்தச் சாம்பலும் ஓர் அத்தியாயமாகும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதனை எதிர்த்தோர் வரிசையில் சேர். பொன்னம்பலம் இராமநாதன் போன்ற தலைவர்களும் இருந்தனர் என்பதை நாம் பாடநூல்களில் அடிக்குறிப்பாகக்கூடக் காண்பதரிது.

சிறுபான்மைத் தமிழர் மகாசபையினரும் இடதுசாரிகளும் நடத்திய கிளர்ச்சிகளின் பயனாக, 1956இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்பட யாழ் நகரத்துப் பெருங்கோயில்கள் சிலவற்றின் கதவுகள் திறந்தன. மறு ஆண்டிலேயே சட்டம் வந்தது. இந்த வரன்முறையை நாம் மனங்கொள்ள வேண்டும். மக்கள் முதலில் நடந்தார்கள். சட்டம் அவர்களின் பின்னே வந்தது.

சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள்

1957இல் இயற்றப்பட்ட சட்டம் தானாக எந்தக் கதவையும் திறக்கவில்லை. ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் அது கிராமப்புறங்களில் உறங்கியே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமே அந்த உறக்கத்தைக் கலைத்தது. பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளாகியும் அவ்வூர்வலம் கலைந்துபோகவில்லை. அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானை முதலிய இடங்களிலே தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்கும், மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் ஆகியவற்றின் உள்ளே சென்று வழிபடுவதற்கும் போராட்டங்கள் நடந்தன. உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. ஒரு குவளைத் தேநீருக்காக மனிதர் இரத்தஞ் சிந்திய மண் இது.

1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தது பல்கலைக்கழகத்தவராகிய நமக்குத் தனியானதொரு பாடமாகும். கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களை மறித்து நின்றோரின் முன்னணியில் நின்றவர் எழுத்தறியாத ஒரு நிலக்கிழார் அல்லர், சி. சுந்தரலிங்கம் அவர்கள். ஒக்ஸ்பேட்டிற் பயின்றவர், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக இருந்தவர், சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் இடம்பெற்றவர். கல்வி பெருகினாற் சாதி தேயும் என்று கூறுவோர் இந்த ஒரு காட்சிக்கு விடை கூறிய பின்னரே மேலே பேசவேண்டும். கல்வி சாதியை அழிப்பதில்லை. சாதிக்கு வேண்டிய வாதங்களைத் திறம்படச் சமைத்துக் கொடுக்கவும் கல்வியால் முடியும்.

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளியாகக் காணப்பட்டுத் தண்டம் விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று முறையிட்டும் அவர் வெற்றி பெறவில்லை. தண்டத் தொகை சிறியது. தீர்ப்பின் பொருளோ பெரியது. நெடுங்கால வழக்கம் என்ற கேடயம் சட்டத்தின் முன் நில்லாது என்பது நிலைநாட்டப்பட்டது. 1971இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகளும் கூட்டப்பட்டன. இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். அந்தத் தீர்ப்பை ஈட்டித் தந்தது சட்டவரைஞரின் பேனா மட்டுமன்று; வெயிலிலே வாசலிற் குந்தியிருந்த மக்களுமாவர். அவர்கள் அங்கே இல்லையெனில் மறிப்பதற்கு ஆளில்லை. மறிப்பு இல்லையெனில் வழக்கும் இல்லை.

சாதி இடம்பெயர்ந்த விதம்

அப்படியாயின் இன்று வழக்குகள் அருகியிருப்பது குற்றம் அருகியதைத்தானே காட்டுகிறது என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் பிழையானது. அருகியது குற்றமன்று; குற்றம் தன் உருவத்தை மாற்றிக்கொண்டது.

1957ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலை, கடை, உணவகம், பொதுப் போக்குவரத்து, வழிபாட்டிடம் போன்ற பொது இடங்களை நோக்கி எழுதப்பட்டது. ஒருவன் இன்னொருவனைத் தடுக்கிறான், மறிக்கிறான் என்ற காட்சியே அதன் அடிப்படை. தடுப்பவன் ஒருவன் வேண்டும். தடுக்கப்பட்டவன் ஒருவன் வேண்டும். தடுத்ததற்குச் சாதியே காரணம் என்பது காட்டப்படவும் வேண்டும். சாதிமான்கள் இந்த மூன்றையும் நன்கு கற்றுக்கொண்டனர். நம்மிலும் பார்க்கச் சட்டத்தை அவர்களே கவனமாக வாசித்திருக்கிறார்கள் போலும்!

2018இல் தென்மராட்சி வரணிப் பகுதியிலுள்ள அம்மன் ஆலயம் ஒன்றின் தேர்த்திருவிழாவில் தேரை இழுத்தது மனிதக் கரங்களன்று. மண் அகழும் ஜேசிபி இயந்திரம். ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டுப் பரவலாக எழுந்தது. படங்கள் நாடெங்கும் பரவின. இதனைச் சட்டத்தின் கண்கொண்டு பாருங்கள். எவரும் எவரையும் தள்ளவில்லை. எவரும் கதவை மூடவில்லை. வடம் பிடிக்க வந்தவனிடம் "நீ பிடிக்காதே" என்றுகூட எவரும் சொல்ல வேண்டியதில்லை. பிடிப்பதற்கு வடமே இல்லை. ஆள் போதாமையால் இயந்திரத்தை அமர்த்தினோம் என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடலாம். அடுத்தவனோடு சேர்ந்து இறைவனை இழுப்பதிலும் பார்க்க, எல்லோருமே இழுக்காமல் விடுவது மேல் என்று எண்ணும் மனம், தன் வழிபாட்டையே பலியிட்டுத் தன் சாதியைக் காக்கிறது. இந்த மனத்தின் முன்னே 1957ஆம் ஆண்டின் சொற்றொடர்கள் திகைத்து நிற்கின்றன.

மயானத்தை எடுத்துக்கொள்வோம். 2017இல் புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள் தம் குடியிருப்புகளின் நடுவே பிணம் எரிப்பதை எதிர்த்து மாதக்கணக்கிற் போராடினர். தங்கள் வீட்டு முற்றத்திற் பிணப்புகை படிவதை விரும்பாத எவரும், ஒடுக்கப்பட்டவரின் முற்றத்தில் அது படிவதை மரபு என்றும் உரிமை என்றும் வாதிட முடிகிறது. எந்தச் சேரியருகே மயானம் அமைகிறது, எந்த வளவருகே அமைவதில்லை என்பதைத் தீர்மானித்தது எது என்று உள்ளூராட்சிச் சபைகளின் ஏடுகள் கேட்பதில்லை.

நிலத்தின் கதை இவை எல்லாவற்றிலும் ஆழமானது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்க்கப்பட்டபோது எல்லாச் சாதியினரும் இடம்பெயர்ந்தனர். ஆனால், போர் 2009இல் முடிந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் முகாம்களில் எஞ்சிக் கிடந்தோரிற் பெரும்பகுதியினர் காணியற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரே என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். வசதியுள்ளோர் கொழும்புக்கும் கடல்கடந்தும் சென்றனர். உறவினரின் வளவுகளில் ஒதுங்கினர். காணி வாங்க வல்லவருக்கும் சாதி பார்த்தே காணி விற்கப்படும் ஊர்களில், வாங்க வல்லமையற்றவரின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? 1844இல் வழங்கப்படாத அந்தப் பரப்புக் காணியே நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து முகாம் கொட்டிலாக எழுந்து நின்றது.

பல்கலைக்கழக வளாகமும் இதற்கு விலக்கன்று. புதுமுக மாணவரிடம் "எவ்விடம்?" என்று வினவுகிறோம். ஊர்ப்பெயர் சொன்னதும் "ஊரிலே எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்று அடுத்த வினா எழுகிறது. புவியியல் அறியும் ஆர்வத்தால் எழுந்த வினாவன்று அது என்பதைக் கேட்பவரும் அறிவர், கேட்கப்படுபவரும் அறிவர். விடை சொல்லுமுன் ஒரு கணம் தயங்கும் தோழரின் அந்தத் தயக்கமே, சாதி ஒழிந்துவிட்டது என்பாருக்கு மறுக்கவொண்ணாத விடையாகும்.

மௌனத்தின் மூன்று நியாயங்கள்

இந்த மௌனத்துக்கு மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை முறையே நோக்குவோம்.

முதலாவது, போர்க்காலத்திலேயே சாதி ஒழிந்துவிட்டது என்பது. ஆயுத இயக்கங்கள் சாதி பாராது இளைஞரைத் திரட்டியதும், விடுதலைப் புலிகள் தமது கட்டுப்பாட்டுப் பகுதிகளிற் சாதி ஒடுக்குமுறையைத் தடைசெய்ததும் உண்மை. ஆனால், அச்சத்தால் அடங்கிய வழக்கம் அறத்தால் ஒழிந்த வழக்கம் ஆகாது. துவக்கின் முன் வாய் மூடியிருந்தவன் துவக்கு மறைந்ததும் வாய் திறந்தான். 2009க்குப் பின்னர்க் கோயில் நிர்வாகங்களிலும் மணமகள் தேவை விளம்பரங்களிலும் தலைதூக்கியவை புதிதாகப் பிறந்தவையா? உறங்கிக் கிடந்தவை விழித்தன, அவ்வளவே.

இரண்டாவது, சாதியைப் பேசினால் தமிழ்த் தேசியத்தின் ஒற்றுமை குலையும் என்பது. பேரினவாதத்தால் நசுக்கப்படும் இனம் உட்பகை பேசலாமா என்று கேட்கின்றனர். கேள்வி கேட்கப்பட வேண்டியதே. ஆனால், அது தவறான திசையில் எறியப்படுகிறது. கிணற்றடியில் மறித்தவனிடம் அன்றோ ஒற்றுமையைக் குலைக்காதே என்று கூறவேண்டும்? தாகத்தோடு நின்றவனிடம் கூறுவது எவ்வகை நீதி? அறுபதுகளில் தமிழ்க் கட்சிகள் தீண்டாமையைக் கொள்கையளவிற் கண்டித்தனவாயினும், வாசலில் நின்றவரோடு தோள்சேர்ந்து நிற்கத் தயங்கின. சம உரிமையைக் கொழும்பிடம் கேட்டவர்கள் மாவிட்டபுரத்தில் அதைக் கொடுக்க முன்வராதது அவர்களின் கோரிக்கையின் அறவலிமையையே குறைத்தது. நமக்கு உரியதைப் பிறரிடம் கேட்கும் தகுதி, பிறர்க்கு உரியதை நாம் கொடுப்பதிலிருந்தே பிறக்கிறது.

மூன்றாவது நியாயம் முற்போக்காளர் சிலரிடமிருந்து வருவது. உற்பத்தி உறவுகள் மாறும்போது சாதி என்னும் மேற்கட்டுமானம் தானே சரியும், சட்டச் சீர்திருத்தம் வெறும் மாயை என்பர். நிலவுடைமையே சாதியின் அடித்தளம் என்பதை இக்கட்டுரையும் ஏற்கின்றது. ஆயினும், பனையிலிருந்து இறங்கி அரச உத்தியோகத்துக்கும் கனடாவுக்கும் சென்றவரின் பிள்ளைக்குப் பெண் கேட்கும்போது சாதி அங்கேயும் முன்னே வந்து நிற்பதைக் காண்கிறோம். தொழில் மாறியது, நாணயம் மாறியது, நாடே மாறியது, சாதி மாறவில்லை. தானே சரியும் என்று காத்திருப்பது புரட்சிகரப் பொறுமையன்று. அது மற்றொருவனின் வேதனையைச் செலவிட்டு நாம் அனுபவிக்கும் ஓய்வு.

செய்யக்கூடியவை

சட்டத்தால் மனத்தை மாற்ற முடியாது என்பர். மெய்தான். ஆனால், மனம் மாறும்வரை கையைத் தடுத்து வைக்கச் சட்டத்தால் முடியும். நீண்ட காலம் தடுத்து வைக்கப்பட்ட கை, ஈற்றில் அந்தப் பழக்கத்தையே மறக்கவும் கூடும். போத்தலில் தேநீர் கொடுக்கும் வழக்கம் அவ்வாறே மறைந்தது.

எனவே, சட்டத்திலுள்ள ஓட்டைகளை அறிந்திருத்தல் நம் கடமை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை சாதி காரணமான ஓரங்காட்டலைத் தடுக்கின்றது. கடைகள், உணவகங்கள், தத்தம் மதத்தின் பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுட் செல்வதற்குச் சாதி தடையாகலாகாது என்று 12(3)ஆம் உறுப்புரை கூறுகின்றது. எவ்வளவு அழகிய வாசகம்! ஆனால், அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடும் 126ஆம் உறுப்புரை, நிறைவேற்றுத்துறையினதோ நிர்வாகத்துறையினதோ செயலாக அது இருக்கவேண்டும் என்கிறது. அதுவும் ஒரு மாதத்துக்குள் மனுச்செய்ய வேண்டும். கோயில் தர்மகர்த்தாவும் காணி விற்பவரும் கடை முதலாளியும் அரச அதிகாரிகளா? அல்லர். ஆகவே, உரிமை ஒரு கையாற் கொடுக்கப்பட்டு மறுகையால் எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டுள்ளது. எஞ்சுவது 1957ஆம் ஆண்டுச் சட்டம். அதனை இயக்க வேண்டியது ஊர்ப் பொலிஸ் நிலையம். அங்கே முறைப்பாடு செய்ய வேண்டியவர், அதே ஊரிற் கூலிவேலைக்குப் போகவேண்டியவர்.

அயலிலுள்ள இந்தியா 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்புரையாலும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தீண்டாமையைக் குற்றமாக்கியது. அது போதாதென உணர்ந்து 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இயற்றி, தனி நீதிமன்றங்களுக்கு வழி செய்ததோடு, கடமையைப் புறக்கணிக்கும் அரச ஊழியரையும் தண்டனைக்குள்ளாக்கியது. அங்கே வன்கொடுமை ஓய்ந்துவிட்டது என்று கூற இயலாது. எனினும், பழைய சட்டம் போதாது என்று ஒப்புக்கொண்டு புதியதை எழுதும் நேர்மையேனும் அங்கு இருந்தது. நாமோ 1971க்குப் பின் அச்சட்டத்தின் பக்கமே திரும்பவில்லை. குடிசன மதிப்பீட்டில் இனம் கேட்கிறோம், மதம் கேட்கிறோம், சாதி கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்பதற்கும் நியாயங்கள் உண்டு. ஆனால், எண்ணப்படாதவரின் துயரம் எந்தத் திட்டத்திலும் இடம்பெறாது என்பதற்கும் விடை வேண்டும்.

நேரடியாகத் தடுத்தலை மாத்திரமன்றி, விலக்குவதையே பயனாகக் கொண்ட ஏற்பாடுகளையும் குற்றமாக்கும் வகையில் சட்டம் திருத்தப்படல் வேண்டும். முறைப்பாட்டை ஏற்க மறுக்கும் அதிகாரி பதில்சொல்லக் கடமைப்பட்டவராதல் வேண்டும். தனியார் இழைக்கும் சாதிப் பாகுபாட்டையும் விசாரிக்கும் அதிகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஐயத்துக்கிடமின்றி வழங்கப்படல் வேண்டும். காணியற்றோருக்குக் காணி வழங்குவது தயையாகவன்றி, வரலாற்றுக் கடனைத் தீர்ப்பதாகக் கொள்ளப்படல் வேண்டும். பாடசாலைக் குடியியற் பாடத்தில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் இடம்பெறல் வேண்டும்.

இவை பாராளுமன்றத்தின் வேலை என்று நாம் கையைக் கழுவிவிட முடியாது. கோயில் யாப்புகளை வாசிக்கவும், மயானங்களும் முகாம்களும் இருந்த இடங்களை வரைபடமாக்கவும், முறைப்பாடு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கவும், அவரோடு பொலிஸ் நிலையத்துக்கு நடந்து செல்லவும் பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரைக்குப் பொருள் தேடி ஐரோப்பியக் கோட்பாடுகளின் வாசலில் நிற்கும் நாம், நம் ஊர்க் கோயிலின் வாசலையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். குறைந்தபட்சம், புதுமுக மாணவரிடம் "எந்தக் கோயிலடி?" என்று கேட்பதையாவது நாம் நிறுத்திக்கொள்ளலாம், பிறர் கேட்கும்போது ஏன் கேட்கிறாய் என்று வினவலாம்.

1968இல் மாவிட்டபுரத்து வாசலில் குந்தியிருந்தோரிற் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், சட்டம் தமக்கு எதைத் தருகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தனர். எழுத்தறிந்த நாம் அந்தச் சட்டத்தின் பெயரைக்கூட மறந்திருக்கிறோம். இந்த மறதி மன்னிக்கத்தக்கதன்று, மாற்றத்தக்கது. அதனை மாற்றுவது இன்றைய மாணவ தலைமுறையின் தலையாய கடன்.